சாவிக்கொத்து யார் இடுப்பில்?

பல நாட்டு மக்கள் சேர்ந்து வழிபடும் கத்தோலிக்கப் பங்குகளில் (ஒரு கோயிலைச் சேர்ந்த மக்கள் சமூகம்தான் பங்கு) ஆண்டுக்கு ஒருமுறை அந்த ஞாயிறு வந்துவிடும். அவரவர் பாரம்பரிய உடையில், கொடிகளோடு பவனி. விசுவாசிகள் மன்றாட்டு ஆறேழு மொழிகளில். பூசை முடிந்ததும் மண்டபத்தில் விருந்து, ஆட்டம் பாட்டம். 'மொழி பல, குடும்பம் ஒன்று' என்ற தலைப்போடு அன்று மாலையே படங்கள் வலையேறிவிடும். அடுத்த ஞாயிறு எல்லாம் பழையபடி. காலை ஒன்பது மணிப் பூசை யாருடையதோ அவர்களுடையதே. மற்றவர்களுக்குப் பிற்பகல் இரண்டு மணி, அதுவும் மூன்றரைக்குள் கோயிலைக் காலி செய்துவிட வேண்டும்.

அந்த விழாவை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு பங்கில் வெவ்வேறு பண்பாட்டு மக்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அந்த ஞாயிறு போய் நின்றால் ஒன்றும் தெரியாது. சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை போய், மண்டபச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் அதிகாரம் யாருடையது என்பதை இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து சொல்லிவிடும் அல்லவா, பங்கிலும் அப்படித்தான். யார் கேட்டு வாங்க வேண்டும், யார் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

நான் இறையியல் படித்தவன் அல்ல. நான்கு மொழிகளில் பூசை நடக்கும் பங்கொன்றில் பேரவை உறுப்பினராக உட்கார்ந்திருக்கிறேன், மறைக்கல்வி வகுப்பு எடுத்திருக்கிறேன், நாற்காலி அடுக்கியிருக்கிறேன். அங்கே பார்த்ததும், அதன் காரணம் புரியாமல் தேடிப் படித்ததும்தான் இந்தக் கட்டுரை.

சிக்கல் ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூலின் 6-ஆம் அதிகாரத்தில், திருச்சபை எருசலேமைத் தாண்டிக் கால் வைக்கும் முன்பே, கிரேக்க மொழி பேசியவர்கள் முணுமுணுக்கிறார்கள். அன்றாடப் பந்தியில் எங்கள் கைம்பெண்களைச் சரியாகக் கவனிப்பதில்லை என்று. இந்தப் பகுதி வாசிக்கப்படும் நாளில் மறையுரை பெரும்பாலும் திருத்தொண்டர் (குருவுக்கு அடுத்த நிலைப் பணியாளர்) பணியின் தொடக்கம் என்ற திசையில் போய்விடும். என் கண் போவது, அந்தக் குறையைத் தீர்க்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்ப்பட்டியல் மீது. ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். எபிரேய மொழி பேசிய யூதர்களிடமும் கிரேக்கப் பெயர் உண்டு, இயேசுவின் பன்னிரு திருத்தூதரிலேயே ஒரு பிலிப்பு இருக்கிறார், ஆகவே பெயரை மட்டும் வைத்து அறுதியிட்டுச் சொல்ல முடியாது. இருந்தாலும் ஏழு பேருக்கும் அப்படி அமைந்தது தற்செயல் என்று நம்பக் கொஞ்சம் கஷ்டம்தான். முறையிட்டவர்களை அழைத்து ஆறுதல் சொல்லி அனுப்பவில்லை. ஆளுக்குப் பாதி என்று பங்கு பிரிக்கவும் இல்லை. முறையிட்ட தரப்பின் கையிலேயே முழுப் பந்தி நிர்வாகமும் போனது. எபிரேயக் கைம்பெண்களுக்கும் இனி அவர்கள்தான் பரிமாற வேண்டும். அதற்கு எவ்வளவு நம்பிக்கை தேவைப்பட்டிருக்கும்!

இப்போது நம் பங்குகளுக்கு வருவோம். திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி (1983) ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம், 537-ஆம் விதி. பங்குப் பேரவை, ஆயர் தேவையென்று கருதினால் அமைக்கப்படுவது, 536-ஆம் விதி. இரண்டுமே பங்குத்தந்தைக்குத் துணை நிற்பவைதான், கடைசி முடிவு அவருடையது. ஆனால் காசைப் பற்றிச் சொல்லப்படும் ஆலோசனைக்கு இருக்கும் கனமே வேறு. புதிதாக வந்த சமூகத்துக்குப் பேரவையில் ஓர் இடம் எளிதாகக் கிடைத்துவிடும், 'பிரதிநிதி' என்ற பெயரோடு. நிதிக்குழுவில் கிடைக்காது. கணக்குத் தெரிந்தவர் வேண்டும், பழக்கப்பட்டவர் வேண்டும் என்பார்கள். எங்கள் பங்கில் பூசைக்கு வந்தவர்களில் பெரும்பகுதி பிற்பகல் பூசைக்காரர்கள். நிதிக்குழுவில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. அவர்களில் கணக்காளர்கள் இருந்தார்கள், யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். கூரை மாற்றுவதா, ஒலிபெருக்கி வாங்குவதா என்பதை அவர்கள் அறிவிப்பில்தான் தெரிந்துகொள்வார்கள். அப்புறம், 'இவர்கள் காணிக்கை குறைவாகப் போடுகிறார்கள்' என்றொரு பேச்சு. எதற்குப் போகிறது என்று தெரியாத காசை யார் அள்ளிப் போடுவார்கள்?

பேரவையில் இடம் கிடைத்தாலும் வாய் திறப்பது வேறு விஷயம். சில பண்பாடுகளில் கருத்து இருப்பவர் தானே பேசுவார், பேசாதவருக்குக் கருத்து இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். வேறு சிலவற்றில் மூத்தவர் முன்னிலையிலோ குருவானவர் முன்னிலையிலோ அழைக்கப்படாமல் பேசுவது மரியாதைக் குறைவு. இரண்டு வகையினரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. முதல் வகையினர் முடிவெடுப்பார்கள், 'எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்' என்று குறிப்பேட்டில் ஏறும், இரண்டாம் வகையினர் வாகன நிறுத்தத்தில் நின்று பேசுவார்கள். உண்மையான பேரவைக் கூட்டம் அங்கேதான்.

இதற்கு ஒரு எளிய முறை இருக்கிறது. பேசி முடித்தவர் அடுத்து பேச வேண்டியவரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அழைக்கப்பட்டவர் பேசலாம், 'இப்போது வேண்டாம்' என்று விட்டுவிடலாம். எப்படியானாலும் அடுத்தவரை அழைக்கும் உரிமை அவருக்கே. எல்லோரும் ஒரு சுற்று முடிக்கும்வரை யாரும் பதில் சொல்லக் கூடாது. முதல் முறை செய்து பார்த்தபோது வழக்கமாகப் பேசும் நண்பர்கள் நெளிந்தார்கள். ஆனால் மூலையில் எப்போதும் அமைதியாக இருந்த ஒரு பெரியவர் நிதானமாக, கோர்வையாகப் பேசினார். பிற்பகல் பூசைக்கு வரும்போது பக்கவாட்டுக் கதவு பூட்டியே இருப்பதால் சக்கர நாற்காலிக்காரர்கள் உள்ளே வர முடியவில்லை என்றார். எத்தனையோ கூட்டங்களாக அவர் மனதில் இருந்த விஷயம். கதவைத் திறந்து வைக்க ஒரு பைசா செலவில்லை.

சரி, தனித்தனி மொழியில் பூசை வைப்பதே தவறு, அதனால்தான் இந்தப் பிரிவு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே பூசைக்கு வந்தால் ஒற்றுமை தானாக வந்துவிடுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த ஒரே பூசை யார் மொழியில், யார் பாட்டோடு, யார் நேரக் கணக்கில் என்று கேட்டால் விடை எப்போதும் சொல்பவரின் பக்கமே சாய்ந்திருக்கும்.

திருச்சபையின் சட்டமே இதில் அவர்களைவிடத் தாராளமானது. பங்கு என்பது பொதுவாக எல்லை வைத்து அமைவது என்று சொல்லிவிட்டு, தேவைப்படும் இடத்தில் வழிபாட்டு முறை, மொழி, தேசிய இனம் ஆகியவற்றின் அடிப்படையிலும் ஆட்சார் பங்குகளை (எல்லையை அல்லாமல் ஆட்களைச் சார்ந்தவை) நிறுவலாம் என்கிறது 518-ஆம் விதி. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1952-இல் வெளியிட்ட 'எக்ஸுல் ஃபமிலியா' என்ற ஆவணம், புலம்பெயர்ந்தோருக்கு அவர்கள் மொழி அறிந்த குருக்களின் பணி கிடைக்க வேண்டும் என்பதை விரிவாக வகுத்துத் தந்தது. 2004-இல் வந்த 'எர்கா மிக்ராந்தெஸ்' அறிவுரையும் அந்த வழியில் வந்ததுதான். இன்னும் பின்னால் போனால் 1659-இல் மறைப்பணிகளைக் கவனித்த உரோமை அலுவலகமான விசுவாசப் பரப்புப் பேராயம் கீழை நாடுகளுக்குப் போன மறைப்பணியாளர்களுக்குக் கொடுத்த அறிவுரை இருக்கிறது. மறைக்கும் நல்லொழுக்கத்துக்கும் வெளிப்படையாக முரணாக இல்லாதவரை மக்களின் பழக்கவழக்கங்களை மாற்றச் சொல்லாதீர்கள், பிரான்சையோ ஸ்பெயினையோ இத்தாலியையோ சீனாவுக்குள் கொண்டுபோய் இறக்குவதைவிட அபத்தம் உண்டா என்று கேட்கிறது அது. எல்லோரும் அதன்படி நடந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. முன்னோரை வணங்கும் சீனச் சடங்குகளைக் கிறிஸ்தவர்கள் செய்யலாமா என்ற சண்டை பின்னர் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் இழுத்தது, 1939-இல்தான் உரோமை தன் நிலையைத் தளர்த்தியது. ஆனால் அந்தக் கேள்வி இன்றைக்கும் பொருந்துகிறது, திசை மட்டும் மாறியிருக்கிறது. அன்று போனவர்களிடம் சொன்னதை இன்று வரவேற்பவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கத் திருச்சபை வரலாற்றில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. 1889-இல் மினியாபொலிஸுக்கு வந்த அலெக்சிஸ் தோத் கிரேக்கக் கத்தோலிக்கக் குரு, அதாவது உரோமையோடு ஒன்றித்த, ஆனால் சொந்த வழிபாட்டு மரபுள்ள கீழைத் திருச்சபை ஒன்றைச் சேர்ந்தவர். மனைவியை இழந்தவர். கீழைத் திருச்சபைகளில் மணமானவர்கள் குருவாவது முறைப்படி உள்ள வழக்கம், உரோமையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் அங்கிருந்த இலத்தீன் (மேலை மரபு) பேராயர் ஜான் அயர்லாந்து அவரைக் குருவாக ஏற்கவே மறுத்தார். 1891-இல் தோத்தும் அவருடைய மக்களும் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் சேர்ந்தார்கள். அவர்களைப் பின்பற்றி ஆயிரக்கணக்கானோர் போனார்கள். 1994-இல் அமெரிக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபை தோத்தைப் புனிதராகவே அறிவித்தது. அடுத்தது 1897, பென்சில்வேனியாவின் ஸ்கிராண்டன் நகரம். தாங்கள் காசு போட்டுக் கட்டிய கோயிலின் நிர்வாகத்தில் தங்களுக்கும் குரல் வேண்டும் என்று போலந்துக் குடியேறிகள் கேட்டார்கள். கிடைக்கவில்லை. பிரான்சிஷேக் ஹோதூர் என்ற குருவின் தலைமையில் தனியாகப் போய்விட்டார்கள். போலந்து தேசியக் கத்தோலிக்கத் திருச்சபை இன்றும் இருக்கிறது. விசுவாசக் கோட்பாட்டில் தொடங்கிய பிரிவுகள் அல்ல இவை. ஒருவருடைய குருவை மதிக்காததும், இன்னொருவருடைய கணக்குப் புத்தகத்தைக் காட்டாததும்தான்.

தோத்தின் கதை பழையது என்று நினைத்தால், மறைக்கல்வி வகுப்புக்கு வாருங்கள். கீழைத் திருச்சபையைச் சேர்ந்த ஒரு குடும்பம் பிள்ளையைப் பதிவு செய்ய வருகிறது. உரோமையோடு ஒன்றித்த தன்னுரிமைத் திருச்சபைகள் இலத்தீன் திருச்சபையையும் சேர்த்து 24. இந்த விவரமே பல மறைக்கல்வி ஆசிரியர்களுக்குப் புதிது. கீழை மரபில் பல திருச்சபைகள் திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை (நன்மை) மூன்றையும் குழந்தைக்கு ஒன்றாகவே கொடுக்கின்றன. நம் பதிவுப் படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது. 'முதல் நன்மை வாங்கவில்லையா, அப்படியானால் இரண்டாம் வகுப்பில் சேருங்கள். உறுதிபூசுதலுக்குப் பெரியவனானதும் பார்க்கலாம்' என்று சொல்லிவிடுகிறோம். உறுதிபூசுதலைத் திரும்பக் கொடுக்கவே முடியாது, 845-ஆம் விதி வெளிப்படையாகவே சொல்கிறது. தவிர, இலத்தீன் பங்குக்கு வருவதால் அந்தப் பிள்ளை இலத்தீன் திருச்சபையைச் சேர்ந்தவன் ஆகிவிடுவதும் இல்லை. படிவத்தில் ஒரு கட்டம் கூட்டினால் தீர்கிற விஷயம். அதைச் செய்யாமல், அந்தத் தாயிடம் உங்கள் திருச்சபை கொடுத்தது செல்லாது என்ற பொருள்பட ஒரு தன்னார்வலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

மொழி எங்கே உண்மையாகவே உயிர்போகிற விஷயம் என்றால், பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் இடம்) நோயாளியின் படுக்கையருகிலும். பூசையில் மொழி புரியாவிட்டால் அமைப்புத் தெரிந்திருப்பதால் சமாளித்துவிடலாம். பாவத்தை அரைகுறை மொழியில் எப்படிச் சொல்வது? மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய யாருக்கும் தடையில்லை என்கிறது 990-ஆம் விதி. அந்த மொழிபெயர்ப்பாளரும் இரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர், அது 983-ஆம் விதியில் வருகிறது. சட்டம் வழி திறந்து வைத்திருக்கிறது. ஆனால் சொந்தச் சமூகத்து ஆள் ஒருவரை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு யார் வாய் திறப்பார்கள்? அதனால் ஆண்டுக்கு இரண்டு முறையாவது, திருவருகைக் காலத்திலும் தவக்காலத்திலும், அந்தந்த மொழிக் குருவைத் தேடிப்பிடித்து அழைத்து வருவது, என்னைக் கேட்டால், உடை அணிவகுப்பைவிட எத்தனையோ மடங்கு அவசரமானது.

மறதிநோய் முற்றியவர்களில் பலருக்குப் பின்னால் கற்ற மொழி நழுவிப்போய் முதல் மொழி மட்டும் மிஞ்சும். எங்கள் பங்கில் ஒரு மூதாட்டிக்கு அப்படித்தான் ஆனது. பேரப்பிள்ளைகளோடுகூடப் பேச முடியவில்லை. பங்குத்தந்தைக்கு அவருடைய மொழியில் ஒரு சொல் தெரியாது. அந்தச் சமூகத்து இளைஞன் ஒருவனை உட்காரவைத்து, 'விண்ணுலகில் இருக்கிற' செபத்தையும் 'அருள் நிறைந்த மரியே'யையும் அவர்கள் மொழியில் சொல்லச் சொல்லி, தனக்குத் தெரிந்த எழுத்தில் எழுதிக்கொண்டார். உச்சரிப்பு கொடூரமாக இருந்தது என்று அந்த இளைஞனே சொன்னான். ஆனால் அந்த அம்மா கூடவே சொல்ல ஆரம்பித்தார், நடுவில் அவரைத் திருத்தவும் செய்தார்.

குருக்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது பல பங்குகளில் பங்குத்தந்தையே வெளிநாட்டிலிருந்து வந்தவர். 'சாமி பேசுவது புரியவில்லை' என்ற முறையீடு ஆயர் இல்லம்வரை போகிறது. சில நேரம் நியாயமான குறைதான், மறையுரையை அச்சடித்துக் கொடுத்தால் பாதி தீரும். ஆனால் நல்ல பங்குத்தந்தைகளுக்கே திணறலான இடம் வேறு. குருவின் சொல்லுக்கு மறுசொல் இல்லாத ஊரில் வளர்ந்தவர், பேரவைத் தலைவர் கூட்டத்தில் 'ஃபாதர், இது சரிவராது' என்று சொல்லும்போது அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறார். சொன்னவருக்கோ தான் பொறுப்பாக நடந்துகொண்டதாக நினைப்பு. இதை முன்கூட்டியே இரு தரப்புக்கும் எடுத்துச்சொல்ல ஒரு மாலை நேரம் போதும். பெரும்பாலான இடங்களில் விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்து நேரே பீடத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு இன்னும் தெளிவான விடை இல்லை. பெற்றோரின் மொழிப் பூசையில் அவர்கள் மறையுரையின்போது கைபேசியைப் பார்க்கிறார்கள். வட்டார மொழிப் பூசையில் அந்நியமாக உணர்கிறார்கள், பாட்டு உப்புச் சப்பில்லாமல் இருக்கிறதாம். பெற்றோர் பூசையை மொழிப் பள்ளிக்கூடமாக ஆக்கிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். பிள்ளை கடவுளைப் பிடித்துக்கொள்வது முக்கியமா, மொழியைப் பிடித்துக்கொள்வது முக்கியமா என்று கேட்டால் சண்டைக்கு வருவார்கள், நானும் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

சேர்ந்து நடத்தும் பூசைகளுக்கு வருகிறேன். வாக்கியத்துக்கு ஒரு மொழி என்று கலந்தடித்தால் எல்லோருக்கும் பாதி புரியாமல் போகும், மறையுரையை மூன்று மொழியில் திருப்பிச் சொன்னால் குழந்தைகள் அழ ஆரம்பித்துவிடும். இதற்கு உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை, 41-ஆம் எண்ணில், நான் எதிர்பார்க்காத ஒரு வழி சொல்கிறது. பல நாட்டு மக்கள் ஒன்றுகூடுவது அதிகரித்து வருவதால், விசுவாச அறிக்கை, ஆண்டவர் கற்பித்த செபம் போன்ற சில பகுதிகளையாவது எளிய இராகத்தில் இலத்தீனில் சேர்ந்து பாடத் தெரிந்திருப்பது நல்லதாம். பழமைவாதம் என்று முதலில் எனக்குத் தோன்றியது. பிறகு பார்த்தால், அந்த அறையில் யாருக்கும் சொந்தமில்லாத மொழி அது ஒன்றுதான். எல்லோருமே கொஞ்சம் தடுமாறினார்கள். சமமாகத் தடுமாறினார்கள் என்பதுதான் விசேஷம்.

எந்தச் சமாளிப்பும் செல்லாத நாட்கள் புனித வாரத்தில் வரும். ஞாயிறு பூசையை நான்காகப் பிரிக்கலாம். பாஸ்கா திருவிழிப்பு (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய இரவு வழிபாடு) ஒரு கோயிலில் ஒன்றுதான் என்பது பொது நெறி. தீ ஒன்று, பாஸ்கா திரி ஒன்று. ஆகவே அந்த ஓர் இரவுக்காக எல்லா மொழிக்காரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தே ஆக வேண்டும், தவக்காலம் தொடங்கும் முன்பே. பெரிய வியாழனன்று பாதம் கழுவ யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் ஒரு சுற்று வாக்குவாதம். 2016-இல் வந்த ஆணை, இறைமக்கள் அனைவரிலிருந்தும், பெண்களையும் சேர்த்து, தேர்ந்தெடுக்கலாம் என்றது. ஒரு சமூகம் மகிழ்ந்தது. இன்னொரு சமூகத்துப் பெண்களே, ஊரார் பார்க்க ஒரு ஆண் எங்கள் காலைத் தொடுவதா என்று ஒதுங்கினார்கள். வற்புறுத்தவில்லை. அந்தச் சமூகத்திலிருந்து ஒரு பாட்டி மட்டும், 'எனக்கு வயதாகிவிட்டது, யார் என்ன சொல்வார்கள்' என்று வந்து உட்கார்ந்தார்.

திருவிழிப்பில் பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு வாசகங்கள். நேரத்துக்காகக் குறைக்கலாம், ஆனால் செங்கடலைக் கடக்கும் விடுதலைப் பயண வாசகத்தை மட்டும் விடவே கூடாது. எங்கள் பங்கில் ஏழையும் வாசிப்போம், அப்போதுதான் எல்லா மொழிக்கும் இடம் கிடைக்கும். படைப்பு வாசகம் நீளம், கம்பீரம், அது எல்லோருக்கும் வேண்டும். செங்கடலும் அப்படித்தான். பாரூக்கு நூலின் வாசகம் மட்டும் யாருக்கும் வேண்டாம். ஆறாவதாக, பாதிப் பேர் தூங்கி வழியும் நேரத்தில் வரும் பகுதி அது. முன்பெல்லாம் பழைய குடும்பங்களின் மொழிக்கே படைப்பு போகும், யாரும் தீர்மானித்ததில்லை, அப்படியே நடந்தது. பெரும் சண்டைக்குப் பிறகு இப்போது சுழற்சி முறை, ஆண்டுக்கு ஒரு படி நகரும். போன ஆண்டு செங்கடல் வைத்திருந்தவர்கள் அதை விட மனமில்லாமல் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஆண்டு பாரூக்கு எங்கள் மொழிக்கு விழுந்திருக்கிறது, வாசகர் தேடிக்கொண்டிருக்கிறோம்.